வெளிச்சம் எங்கே நின்றது?

(கோலார் தங்கவயலில் மாலை நேரக் கல்வி மையம் ஒன்றில், மோட்டார் சைக்கிள் மெக்கானிக் ஒருவர் பேசிய பேச்சு)





நான் மேடையில் பேசிப் பழகியவன் அல்ல. ஸ்பானர் பிடித்துப் பழகியவன். "உங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள், அண்ணே" என்று டீச்சரம்மா கேட்டார்கள். சரி என்று வந்துவிட்டேன்.

வெறும் கையோடு வரவில்லை. ஒரு வண்டியையும் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். வாசலில் நிற்கிறது பாருங்கள். அது பி.எஸ்.ஏ. வண்டி. 1953-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் செய்தது. 350 சி.சி. எஞ்சின். நம்மில் பலரை விட அதற்கு வயது அதிகம்.

எஞ்சின் நன்றாக ஓடுகிறது. ஆனால் ஹெட்லைட் எரியவில்லை. வண்டிக்காரர் ஒருவரிடம் காட்டியிருக்கிறார். "பேட்டரியை மாற்று, டைனமோவை மாற்று, வயரிங் முழுவதையும் மாற்று" என்று சொல்லிவிட்டார்களாம். ஆயிரக் கணக்கில் செலவு. வண்டிக்காரருக்குத் தூக்கம் போய்விட்டது.

உண்மையில் எதை மாற்ற வேண்டும்? இன்று நாம் எல்லோரும் சேர்ந்தே கண்டுபிடிப்போம்.

1. நம் ஊரும் மின்சாரமும்

முதலில் நம் ஊர்க் கதை கொஞ்சம்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கம் எடுக்க வந்தது. நம் தாத்தா, பாட்டிமார் வட ஆற்காடு போன்ற ஜில்லாக்களில் இருந்து பிழைப்புக்கு வந்தார்கள். லைன் வீடுகளில் குடியேறினார்கள். பூமிக்குள் இறங்கி வேலை செய்தார்கள்.

1902-இல் நம் ஊருக்கு மின்சாரம் வந்தது. எங்கிருந்து வந்தது? காவிரி ஆற்றின் சிவசமுத்திரம் அருவியில் இருந்து வந்தது. சுமார் 92 மைல் தூரம். கிலோமீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 148. பெங்களூருத் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். அதற்கு மூன்று ஆண்டு முன்பே நம் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன்? 92 மைல் கம்பியில் ஓர் இடத்தில் அறுந்தால் என்ன ஆகும்? இங்கே எந்திரம் நின்றுவிடும். அப்போது எந்திரத்தைக் கழற்றிப் பார்த்து என்ன பயன்? கம்பி எங்கே அறுந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். இங்கே கம்பியின் நீளம் சில அடிகள்தான். ஆனால் விதி ஒன்றே.

சுரங்கம் ஓடிய காலத்தில் வெள்ளைக்கார வண்டிகள் பல எங்கள் பட்டறைக்கு வந்தன. பி.எஸ்.ஏ., நார்ட்டன், டிரையம்ப், மேட்ச்லெஸ் எல்லாம் பார்த்திருக்கிறேன். பிறகு சென்னையில் செய்த என்ஃபீல்டு புல்லட் வந்தது. புல்லட்டும் பிறப்பால் இங்கிலாந்து வண்டிதான். 1955-இல் சென்னையில் அதற்குக் கம்பெனி தொடங்கினார்கள்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். நம் பிள்ளைகள் விடியற்காலையில் ரயில் ஏறி பெங்களூரு போகிறார்கள். இரவில்தான் வீடு திரும்புகிறார்கள். ஆனால் பழைய வண்டிகளுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. ஆசையாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வயரிங் தெரிந்த கைகள்தான் குறைவு. தெரிந்தவருக்கு ஊரிலேயே நாலு காசு கிடைக்கும்.

3. என்று எண் போடுவதற்கு முன் ஒரு சேதி உண்டு. அது என் கதை. அதை இரண்டாவதாகச் சொல்லிவிடுகிறேன்.

2. நான் படிக்காத சீட்டு

நான் பன்னிரண்டு வயதில் பட்டறைக்குப் போனவன். பள்ளிக்கூடம் அதோடு நின்றது. பெயரைக்கூட எழுத வராது. கை வேலை மட்டும் நன்றாக வந்தது. "படிப்பு எதற்கு? வண்டி பேசும், நான் கேட்பேன்" என்று பெருமை பேசுவேன்.

எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். அவரிடமும் இதே மாதிரி ஒரு பி.எஸ்.ஏ. வண்டி. மகள் கல்யாணத்துக்காக அதை விற்கப் போகிறார். ஞாயிற்றுக் கிழமை பெங்களூரில் இருந்து ஆள் வருகிறார். "பேட்டரி தீர்ந்து போச்சு. புதுசு மாட்டிக் கொடு, தம்பி" என்றார். பழைய பேட்டரியை அவரே கழற்றி எடுத்துவிட்டார்.

சின்ன வேலைதான். புது பேட்டரியை வைத்தேன். பேட்டரிக்கு இரண்டு முனை. ஒன்று பிளஸ், மற்றது மைனஸ். ஒரு முனையை வண்டியின் பாடியோடு சேர்க்க வேண்டும். நான் அதுவரை மாட்டிய வண்டிகளில் மைனஸ்தான் பாடி. அப்படியே மாட்டினேன். எஞ்சினை உதைத்தேன். கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தேன்.

அம்மீட்டர் முள் ஒரே அடியாகப் போய் ஓரத்தில் முட்டியது. டேங்குக்கு அடியில் புகை வந்தது. துணி கருகும் நாற்றம். நான் எஞ்சினை நிறுத்தினேன். புகை நிற்கவில்லை. ஸ்பானரைத் தேடி எடுத்து, பேட்டரி வயரைக் கழற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டைனமோவில் இருந்து ஹெட்லைட் வரை வயர் கருகிப் போயிற்று. அந்த வண்டியில் ஃபியூஸ் கிடையாது.

பெரியவர் வாய் திறக்கவில்லை. பேட்டரிப் பெட்டி மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் தமிழில் ஏதோ எழுதியிருந்தது.

"இதைப் படிக்கலையா, தம்பி?" என்று கேட்டார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது, பெரியப்பா" என்றேன்.

அவரே படித்தார். "இந்த வண்டிக்கு பிளஸ்தான் பாடி. மாற்றி மாட்டாதே." முன்பு வேலை செய்த மெக்கானிக் யாரோ எழுதி வைத்தது. எனக்காகவே எழுதியது போல இருந்தது.

ஞாயிற்றுக் கிழமை ஆள் வந்தார். கருகிய வயரைப் பார்த்தார். போய்விட்டார். நான் கூலி வாங்காமல் மூன்று வாரம் வேலை செய்தேன். வயரிங் முழுவதும் புதிதாகப் போட்டேன். வண்டி பிறகு விற்றது. ஆனால் முதலில் பேசிய விலை கிடைக்கவில்லை. பெரியவர் கடன் வாங்கித்தான் கல்யாணத்தை முடித்தார். "விடு, தம்பி" என்றுதான் சொன்னார். என்னால் விட முடியவில்லை.

எங்கள் லைனில் அப்போது இரவு வகுப்பு நடந்தது. அந்த மாதமே போய் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் என் வயதுக்கு இரண்டு மடங்கு வயதானவர்கள் இருந்தார்கள். வெட்கம் போயிற்று. எழுத்து வந்தது.

சரி. இப்போது வண்டிக்கு வருவோம்.

3. மின்சாரம் ஒரு வட்டம்

இந்த ஒன்றை நன்றாக மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். மின்சாரம் போக வேண்டும். போன மின்சாரம் திரும்பி வர வேண்டும். போகவும் வரவும் வழி இருந்தால்தான் விளக்கு எரியும்.

வீட்டில் ஒரு பல்புக்கு இரண்டு வயர் வருகிறது. ஒன்று போக, ஒன்று வர. மோட்டார் சைக்கிளில் பல்புக்கு ஒரு வயர்தான் போகிறது. அப்படியானால் மின்சாரம் எந்த வழியாகத் திரும்புகிறது?

வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத் திரும்புகிறது. இதைத்தான் 'எர்த்' என்றும் 'பாடி' என்றும் மெக்கானிக்குகள் சொல்கிறோம்.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் சிலவற்றில் மைனஸ் முனை பாடியில் இருக்கும். 1950-களின் தொடக்கத்தில் இருந்து பல வண்டிகளில் பிளஸ் முனையைப் பாடியில் வைத்தார்கள். இரண்டும் சரிதான். ஆனால் மாற்றி மாட்டக் கூடாது. மாட்டினால் என்ன ஆகும் என்று என் கதையில் கேட்டீர்கள்.

ஆகவே பேட்டரியைக் கழற்றும் முன்பே பாருங்கள். எந்த முனை பாடியில் இருக்கிறது? பார்த்ததை உடனே எழுதி வையுங்கள்.

4. எஞ்சினுக்குத் தனி, விளக்குக்குத் தனி

"பேட்டரி செத்துப் போனால் எஞ்சின் எப்படி ஓடும்?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி.

இந்த வண்டியில் மேக்னெட்டோ இருக்கிறது. எஞ்சினை உதைத்தால் மேக்னெட்டோ சுற்றும். தானே மின்சாரம் உண்டாக்கும். பிளக்கில் தீப்பொறி வரும். இதற்குப் பேட்டரி வேண்டாம். பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் எஞ்சின் ஓடும்.

விளக்குக்கும் ஹாரனுக்கும் வேறு ஏற்பாடு. டைனமோ மின்சாரம் தரும். பேட்டரி அதைச் சேமிக்கும். விளக்கு அதைச் செலவு செய்யும். டைனமோ சம்பாதிக்கும் கணவன் மனைவி போல. பேட்டரி உண்டியல் போல.

ஆகவே முதல் கேள்வி இதுதான்: எஞ்சின் ஓடுகிறதா?

எஞ்சின் ஓடவில்லை என்றால் மேக்னெட்டோ பக்கம் பாருங்கள். பிளக்கைச் சுத்தம் செய்யுங்கள். பிளக் வயரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மேக்னெட்டோவின் பாயிண்ட் நன்றாக விரியும்போது இடைவெளி சுமார் 0.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

எஞ்சின் ஓடுகிறது, விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் மேக்னெட்டோவைத் தொடாதீர்கள். பேட்டரி, டைனமோ, வயர் பக்கம் பாருங்கள்.

எல்லா பழைய வண்டியும் இப்படி இல்லை. சில வண்டிகளில் பிளக்குக்கும் பேட்டரியில் இருந்துதான் மின்சாரம் வரும். உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் தெரிந்து கொள்ளுங்கள்.

5. கொஞ்சம் கணக்கு

இது 6 வோல்ட் பேட்டரி. உள்ளே மூன்று அறை. ஒவ்வோர் அறையும் 2 வோல்ட். 2 × 3 = 6.

ஹெட்லைட் பல்பு 30 வாட் என்று வைத்துக் கொள்வோம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும்.

30 ÷ 6 = 5 ஆம்பியர்.
அதே 30 வாட் பல்பு 12 வோல்ட் வண்டியில் இருந்தால்? 30 ÷ 12 = 2½ ஆம்பியர்.

இதில் என்ன தெரிகிறது? 6 வோல்ட் வண்டியில் அதே வெளிச்சத்துக்கு இரண்டு மடங்கு மின்சாரம் ஓட வேண்டும். ஆகவே வயர் தடிமனாக இருக்க வேண்டும். இணைப்பு சுத்தமாக இருக்க வேண்டும். கொஞ்சம் துரு இருந்தாலும் வெளிச்சம் மங்கிவிடும்.

இந்த வண்டிகளின் மின் சாமான்களைச் செய்தது இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனி. லூகாஸுக்கு வெள்ளைக்காரர்களே ஒரு பட்டப் பெயர் வைத்தார்கள். 'இருட்டின் இளவரசன்'! லைட் அடிக்கடி அணைந்து போகும் என்று கேலி. என் அனுபவத்தில் சாமான் மேல் குறை அதிகம் இல்லை. பெரும்பாலும் துருவும், லூஸ் காண்டாக்டும், பழைய வயரும்தான் காரணம்.

6. சின்னச் சாமான், பெரிய உதவி

வயரிங் பார்க்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். டெஸ்ட் லைட் போதும். நாமே செய்யலாம்.

ஒரு 6 வோல்ட் பல்பு, ஒரு ஹோல்டர், இரண்டு நீள வயர், ஒரு கிளிப். இவ்வளவுதான்.

ஒன்று அல்ல, இரண்டு டெஸ்ட் லைட் செய்து கொள்ளுங்கள். ஒன்றில் டெயில் லைட்டின் சின்ன பல்பு. இன்னொன்றில் ஹெட்லைட்டின் பெரிய பல்பு. ஏன் இரண்டு? துருப்பிடித்த இணைப்பு வழியாகவும் கொஞ்சம் மின்சாரம் கசிந்து போகும். சின்ன பல்பு எரிந்துவிடும். "எல்லாம் சரி" என்று நாம் ஏமாந்து போவோம். பெரிய பல்பை ஏமாற்ற முடியாது.

7. வேலைக்கு முன் பாதுகாப்பு

வேலையைத் தொடங்கும் முன் ஐந்து விஷயம்:

பெட்ரோல் டேப்பை மூடுங்கள்.

பேட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. பேட்டரி சார்ஜ் ஆகும்போது வரும் வாயு தீப்பிடிக்கும்.

கையில் மோதிரம், காப்பு, இரும்பு வாட்ச் இருந்தால் கழற்றி வையுங்கள்.

பேட்டரி ஆசிட் கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பேட்டரியைக் கழற்றும்போது பாடி வயரை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது பாடி வயரைக் கடைசியில் மாட்டுங்கள். அப்போதுதான் ஸ்பானர் தவறி வண்டியில் பட்டாலும் தீப்பொறி வராது.

8. வாருங்கள், கண்டுபிடிப்போம்

இப்போது எல்லோரும் வாசலுக்கு வாருங்கள். வண்டியைச் சுற்றி நில்லுங்கள். சின்னப் பிள்ளைகள் முன்னால் வரலாம்.

எஞ்சின் ஓடுகிறது என்று முன்பே தெரியும். ஆகவே எஞ்சினை விட்டுவிடுவோம்.

லைட் சுவிட்சைப் போடுகிறேன். ஹெட்லைட் எரியவில்லை. பின்னால் போய்ப் பாருங்கள், அக்கா. டெயில் லைட் எரிகிறதா? எரிகிறது! சரி. இது ஒரு நல்ல அடையாளம். மனத்தில் வையுங்கள்.

முதல் படி: பேட்டரி. பெரிய டெஸ்ட் லைட்டின் இரண்டு வயரையும் பேட்டரியின் இரண்டு முனையில் வைக்கிறேன். பல்பு பளிச்சென்று எரிகிறது. சில நிமிடம் வைத்திருந்தும் மங்கவில்லை. பேட்டரி நன்றாக இருக்கிறது. மாற்ற வேண்டாம்.

இரண்டாம் படி: பேட்டரியின் எர்த். ஒரு வயரைப் பேட்டரியின் மைனஸ் முனையில் வைக்கிறேன். இந்த வண்டிக்கு பிளஸ்தான் பாடி. மற்ற வயரால் வண்டிச் சட்டத்தில் சுரண்டிய இடத்தைத் தொடுகிறேன். பளிச்சென்று எரிகிறது. பேட்டரியின் பாடி இணைப்பு சரி.

மூன்றாம் படி: போகும் வழி. இப்போது கிளிப்பைச் சட்டத்தில் மாட்டுகிறேன். மற்ற வயரால் ஒவ்வோர் இடமாகத் தொடுகிறேன்.

அம்மீட்டரின் முதல் முனை. எரிகிறது.
அம்மீட்டரின் இரண்டாவது முனை. எரிகிறது.
சுவிட்சுக்குள் நுழையும் இடம். எரிகிறது.
சுவிட்சை விட்டு வெளியே வரும் இடம். எரிகிறது.
ஹெட்லைட் பல்புக்கு வரும் முனை. அங்கும் எரிகிறது!

பார்த்தீர்களா? மின்சாரம் பல்பு வரைக்கும் வந்துவிட்டது. வழியில் எங்கேயாவது டெஸ்ட் லைட் எரியாமல் போயிருந்தால், அதற்கும் முந்தின இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு. ஆனால் இங்கே எல்லா இடமும் சரி. பல்பின் இழையும் அறுந்து போகவில்லை. பேட்டரியில் நேராக வைத்துப் பார்த்தேன், எரிகிறது.

அப்படியானால் எங்கே கோளாறு?

(கூட்டத்தில் ஓர் அம்மா: "வரும் வழியிலே!")

சபாஷ், அம்மா! போகும் வழி சரி. திரும்பி வரும் வழியைத்தான் இன்னும் பார்க்கவில்லை.

நான்காம் படி: வரும் வழி. ஒரு வயரைப் பேட்டரியின் மைனஸ் முனையில் வைக்கிறேன். மற்ற வயரால் ஹெட்லைட் கூட்டைத் தொடுகிறேன். சின்ன டெஸ்ட் லைட் மங்கலாக எரிகிறது. பெரிய டெஸ்ட் லைட்? எரியவே இல்லை.

அகப்பட்டது! ஹெட்லைட் கூடு முன் ஃபோர்க்கில் இருக்கிறது. ஃபோர்க்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஸ்டீயரிங் பால்ரஸ் இருக்கிறது. அதில் கிரீஸ் இருக்கிறது. கூட்டைப் பிடிக்கும் போல்ட்டில் துரு. போதாததற்குப் புதிதாகப் பெயிண்ட் வேறு அடித்திருக்கிறார்கள். மின்சாரம் எப்படித் திரும்பும்?

டெயில் லைட் ஏன் எரிந்தது? அது பின் மட்கார்டில் இருக்கிறது. அதன் மின்சாரத்துக்கு வேறு வழி.

இப்போது ஒரு வயர்த் துண்டை எடுக்கிறேன். ஒரு முனையை ஹெட்லைட் கூட்டில் வைக்கிறேன். மற்ற முனையைச் சட்டத்தில் வைக்கிறேன்.

எரிந்துவிட்டது!

கை தட்டுங்கள். எனக்கு அல்ல, அந்த அம்மாவுக்கு.

ஆயிரக் கணக்கில் செலவு என்று பயந்தார் வண்டிக்காரர். தேவைப்பட்டது ஒரு முழ வயரும், உப்புத்தாளும், இரண்டு போல்ட்டும்தான். பெயிண்டைச் சுரண்டி, இந்த வயரை நிரந்தரமாகப் போட்டுவிடலாம்.

9. ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால்

இன்னொரு கோளாறு உண்டு. அது ஷார்ட். வயரின் மேல் உறை கிழிந்து, உள் கம்பி இரும்பில் தொடும். மின்சாரம் விளக்குக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். வயர் சூடாகும். கருகும்.

பழைய வண்டிகளில் ரப்பர் வயருக்கு மேல் துணி சுற்றியிருப்பார்கள். ஐம்பது, அறுபது ஆண்டில் ரப்பர் காய்ந்து உதிர்ந்துவிடும். மேலே துணி நன்றாகத் தெரியும். உள்ளே ரப்பர் இருக்காது. முக்கியமாக மூன்று இடம் பாருங்கள்: ஹேண்டில் திரும்பும் இடம், டேங்கின் அடிப்பக்கம், சீட்டுக்குக் கீழே.

ஷார்ட்டைக் கண்டுபிடிக்கவும் டெஸ்ட் லைட் உதவும். எஞ்சினை நிறுத்துங்கள். எல்லா சுவிட்சையும் அணையுங்கள். ஃபியூஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டெஸ்ட் லைட்டை மாட்டுங்கள். அது எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஒவ்வொரு வயராகக் கழற்றுங்கள். எந்த வயரைக் கழற்றும்போது டெஸ்ட் லைட் அணைகிறதோ, அந்த வழியில்தான் கோளாறு.

ஃபியூஸ் இல்லாத வண்டிக்கு ஒன்று போட்டுவிடுங்கள். பேட்டரியில் இருந்து பாடிக்குப் போகாத முனையில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். இந்த மாதிரி வண்டிக்கு 15 ஆம்பியர் போதும்.

ஃபியூஸ் போனால் சிலர் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கிறார்கள். தடித்த கம்பியை வைக்கிறார்கள். இது பெரிய தவறு. ஃபியூஸ் போவது வண்டியைக் காப்பாற்ற. அதைத் தடுத்தால் வயர் எரியும். மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது. மறக்காதீர்கள்.

10. டைனமோ சம்பாதிக்கிறதா?

பேட்டரி அடிக்கடி தீர்ந்து போகிறதா? உண்டியலில் காசு விழவில்லை என்று அர்த்தம். டைனமோவைப் பார்க்க வேண்டும்.

எஞ்சினை நிறுத்தி ஹெட்லைட் போட்டால் அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் போகும். அது செலவு. எஞ்சினை ஓட்டி வேகம் கூட்டினால் முள் பிளஸ் பக்கம் வர வேண்டும். அது வரவு. முள் பிளஸ் பக்கம் வரவே இல்லை என்றால் வரவு இல்லை.

அப்போது டைனமோவின் இரண்டு வயரையும் கழற்றுங்கள். டைனமோவின் டி முனையையும் எஃப் முனையையும் சின்ன வயரால் ஒன்றாகச் சேருங்கள். அங்கிருந்து பாடிக்கு ஒரு வோல்ட்மீட்டர் வையுங்கள். எஞ்சினை மெதுவாக ஓட்டுங்கள். முள் வேகமாக ஏற வேண்டும். 10 வோல்ட்டுக்கு மேல் ஏற விடாதீர்கள். முள் ஏறினால் டைனமோ நல்லது. கோளாறு ரெகுலேட்டரிலோ வயரிலோ இருக்கும். ஏறவில்லை என்றால் டைனமோவைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

ரெகுலேட்டர் பெட்டியில் நான்கு ஆங்கில எழுத்து இருக்கும். எஃப், ஏ, டி, ஈ. டி என்றால் டைனமோ. எஃப் என்றால் டைனமோவின் ஃபீல்டு காயில். ஏ என்றால் அம்மீட்டர். ஈ என்றால் எர்த். நான்கே எழுத்து. ஆனால் பல ஆண்டுகள் எனக்கு அவை வெறும் கோடுகளாகத்தான் தெரிந்தன. எந்த வயர் எங்கே இருந்தது என்று ஞாபகத்தில் வைத்துத்தான் வேலை செய்தேன். ஞாபகம் ஒரு நாள் ஏமாற்றும். எழுத்து ஏமாற்றாது.

இப்போது சிலர் பழைய வண்டிக்கு எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போடுகிறார்கள். எல்.இ.டி. பல்பு போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் பிளஸ் பாடியா, மைனஸ் பாடியா என்று பார்த்து வாங்க வேண்டும். ரெகுலேட்டரை மாற்றி மாட்டினால் ஒரு நொடியில் வீணாகிவிடும்.

11. எழுதி வையுங்கள்

என் பட்டறையில் ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம். வண்டியின் பெயர், ஆண்டு, எந்த முனை பாடி, எந்த நிற வயர் எங்கே போகிறது, என்ன கோளாறு, எப்படிச் சரி செய்தேன். எல்லாம் எழுதுவேன். கோடு போட்டுப் படமும் வரைவேன்.

வயர் மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்காதீர்கள். ஒன்றைக் கழற்றி, அதே நீளத்தில் ஒன்றை மாட்டுங்கள். இரண்டு முனையிலும் சின்னச் சீட்டுக் கட்டுங்கள்.

வேலை முடிந்ததும் பேட்டரிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டுவேன். "இந்த வண்டிக்கு பிளஸ்தான் பாடி" என்று எழுதுவேன். மைனஸ் பாடி வண்டி என்றால் அப்படி எழுதுவேன். அடுத்து வேலை செய்யும் பையன் யார் என்று எனக்குத் தெரியாது. அவன் படிப்பான் என்ற நம்பிக்கைதான்.

இந்த வண்டிக்கும் சீட்டு எழுத வேண்டும். பேனா இதோ. சரியான பதில் சொன்ன அம்மா வாருங்கள். நீங்கள்தான் எழுத வேண்டும். எழுத்துப் பிழை வந்தால் என்ன? புரிந்தால் போதும்.

மெதுவாக எழுதுங்கள், அம்மா. வண்டிக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. இன்னும் ஐந்து நிமிடம் காத்திருக்கும்.



நினைவில் கொள்வோம்

மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும்.
கோளாறு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகே சாமானை மாற்ற வேண்டும்.
பேட்டரியைக் கழற்றும் முன் எந்த முனை பாடி என்று எழுதி வைக்க வேண்டும்.
ஃபியூஸுக்குப் பதிலாக வெள்ளித்தாளோ தடித்த கம்பியோ வைக்கக் கூடாது.

கலந்து பேசுவோம்

1. மின்சாரம் பல்பு வரை வந்தும் ஹெட்லைட் ஏன் எரியவில்லை?
2. சின்ன டெஸ்ட் லைட் எரிந்தது, பெரியது எரியவில்லை. ஏன்?
3. 6 வோல்ட் வண்டியில் 18 வாட் பல்பு எரிந்தால் எத்தனை ஆம்பியர்?
4. உங்கள் வேலையில் எதை எழுதி வைத்தால் அடுத்தவருக்கு உதவும்?